ஒண்ணும் போகாது

மாமா வந்தாயிற்று. செருப்பைக் கழற்றினார், ஃபேனுக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், "சி-ல எவ்வளவு ஃப்ரீ இருக்கு?" என்றார்.

பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது என்றுதான் கூப்பிட்டிருந்தோம். கேபிளை ஆட்டிப் பார்ப்பது, பேப்பரை உருவுவது எல்லாம் கத்துக்குட்டிகளின் வேலை. மாமா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதற்குள் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவ் வெளியே வந்துவிட்டது.

"ஃபார்மட் அடிச்சிடலாம்."

"மாமா, என் ஃபைலெல்லாம்..."

"ஒண்ணும் போகாதும்மா."

தில்லியில் தமிழர்கள் இருக்கிற பேட்டைக்கெல்லாம் இப்படி ஒரு மாமா உண்டு. மயூர் விஹாரில் இவர் ஒரு மாதிரி இருப்பார், ஜனக்புரியில் வேறு மாதிரி. ஆர்.கே. புரம்காரர் மலை மந்திர் போய்விட்டு விபூதியோடு வருவார். கரோல் பாக்கில் இருப்பவர் இன்னும் ஸ்கூட்டர் ஓட்டுவார். பென் டிரைவும் அந்த ஒரு வாக்கியமும் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஏதோ ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராகவோ அண்டர் செக்ரட்டரியாகவோ இருந்து ரிட்டயர் ஆனவர். ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து, எல்லாரும் அதற்குத் துணி போர்த்திப் பூ வைத்துக்கொண்டிருந்த காலத்தில் துணியை விலக்கிப் பார்த்த ஒரே ஆள். அந்தத் தைரியம் அவரை இன்றுவரை விட்டபாடில்லை.

மாமாவின் சித்தாந்தம் எளிமையானது. கம்ப்யூட்டரில் இருப்பது இரண்டே டிரைவ். சி-யில் விண்டோஸ், டி-யில் நம் சொத்துபத்து. சி-யைத் துடைத்தால் டி-க்கு ஒன்றும் ஆகாது. இதில் ஒரு தப்பும் இல்லை, நாமெல்லாம் டி-யில் சேமிக்கிற ஜாதியாக இருந்தால். நாமோ டெஸ்க்டாப்பில் கொட்டி வைக்கிற ஜாதி. டெஸ்க்டாப் கண்ணெதிரே விரிந்து கிடப்பதால் அது தனி இடம் என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே பார்த்தால் அது சி டிரைவில், யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள், நம் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள், இன்னொரு ஃபோல்டர். மை டாக்குமென்ட்ஸும் அங்கேதான், டவுன்லோட்ஸும் அங்கேதான். பிரவுசர் ஞாபகம் வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளும் அங்கேதான். டேலி போட்டால், வேறு இடம் சொல்லாதவரை கணக்கு முழுவதும் சி-யிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இவ்வளவும் மாமாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஃபார்மட்டுக்கு முன்னால் தெரியாது. முடிந்த பிறகுதான் தெரியும்.

"டெஸ்க்டாப்ல இருந்துதா? அதை ஏம்மா டெஸ்க்டாப்ல வெச்சே?"

"ஒண்ணும் போகாது" என்ற வாக்கியத்தை அவர் சொல்லும் விதங்களைக் கூடவே இருந்து கேட்டவர்கள் அறிவார்கள். ஆரம்பத்தில், பென் டிரைவைச் சொருகும்போது, பட்டென்று வரும்: "ஒண்ணும் போகாது!" பாதியில், அறுபது சதவிகிதத்தில் கோடு நகராமல் நிற்கும்போது, திரையைப் பார்த்தபடி மெல்ல வரும்: "போகாது... போகக் கூடாது." மே மாதமாக இருந்தால் சரியாக அந்த நேரம் பார்த்து ஆந்தி என்கிற புழுதிப் புயல் கிளம்பி, ஜன்னலெல்லாம் படபடவென்று அடித்து, லைட் போகும். நம் யு.பி.எஸ்ஸின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அது கீச்சென்று ஒரு தடவை கத்திவிட்டு அடங்கும். இருட்டில் மாமாவின் குரல் மட்டும் கேட்கும்: "டி-க்கு ஒண்ணும் ஆகாது." எல்லாம் முடிந்த பிறகு, மூன்றே மூன்று ஐகானோடு பளிச்சென்று திரை வந்து நிற்கையில், இறந்த காலத்தில் சொல்வார்: "பாத்தியா? ஒண்ணும் போகலை." நாம் ரிசைக்கிள் பின்னைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த மூன்றில் அதுவும் ஒன்று.

"ஃபோட்டோஷாப் எங்கே மாமா?"

"சாஃப்ட்வேரா? அது போட்டுக்கலாம். ஃபைல்தானே முக்கியம்?"

"வேர்டு?"

"போட்டுக்கலாம்."

"பிரிண்டர்?"

"அதான் வேலை செய்யலையே!"

ஒரு தடவை புத்திசாலித்தனமாக எல்லா சாஃப்ட்வேரையும் டி-யிலேயே நிறுவி வைத்தோம். ஃபார்மட்டுக்குப் பிறகு ஃபோல்டரெல்லாம் பத்திரமாக இருந்தன, ஒன்றும் திறக்கவில்லை. பெரிய சாஃப்ட்வேர்கள் நிறுவும்போதே தங்கள் விவரங்களை விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைக்கும். ரெஜிஸ்ட்ரி இருப்பது சி-யில். மாமா டி டிரைவைத் திறந்து காட்டினார். "எல்லாம் இருக்கே. எது போச்சு, சொல்லு?"

மாமாவின் பொற்காலம் எக்ஸ்பி. அதற்கு முன்னால் விண்டோஸ் 98-க்கு பூட் ஃப்ளாப்பியும் எஃப்டிஸ்க்குமாக அவர் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்வார், கேட்கவும் வைப்பார். 2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்ததும் நேரு பிளேஸே அவருக்குத் தாய் வீடாகிவிட்டது. தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய அந்தக் கட்டடக் கூட்டத்துக்கு நடுவே இருக்கும் திறந்தவெளியில் நடந்தால், பையன்கள் கூடவே வந்து "சாஃப்ட்வேர், சாஃப்ட்வேர்" என்று காதோரம் முணுமுணுப்பார்கள். பிளாஸ்டிக் உறையில், கையால் பெயர் எழுதிய சிடி. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதியின் அலுவலகம் வெளியிடும், திருட்டுச் சரக்குக்குப் பேர்போன சந்தைகளின் பட்டியலில் நேரு பிளேஸ் பெயரும் வந்தபோது, சொந்த ஊரில் பாலம் கட்டின மாதிரி பெருமைப்பட்டார். எக்ஸ்பியின் இருபத்தைந்து எழுத்துச் சாவி ஒன்று உலகமெங்கும் கசிந்திருந்ததே, எஃப்.சி.கே.ஜி.டபிள்யூ என்று தொடங்கும், அதை மாமா கண்ணை மூடிக்கொண்டு ராகத்தோடு ஒப்பிப்பார். 2002-ல் வந்த முதல் சர்வீஸ் பேக் அந்தச் சாவியை ஒதுக்கிவிட்டது. மாமா இன்னும் ஒதுக்கவில்லை.

எக்ஸ்பி நிறுவும்போது பச்சைக் கோடுகள் ஓட, ஓரத்தில் 39 நிமிடம் என்று காட்டும். பழைய பென்டியத்தில் அந்த முப்பத்தொன்பது எப்போது முப்பத்தெட்டு ஆகும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அந்த இடைவெளியில்தான் மாமா தன் நிஜமான வேலையைச் செய்வார். காபி வரும். யார் பெண் சி.ஏ. முடித்தாள், யார் பையன் பெங்களூருக்கு மாற்றல் கேட்டிருக்கிறான், எந்தக் கோயிலில் குருக்கள் மாறிவிட்டார், தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் தமிழ் வாத்தியார் வந்தாரா இல்லையா என்று கிழக்கு தில்லி நிலவரம் முழுவதும் அந்தப் பச்சைக் கோட்டுக்கு முன்னால் அலசப்படும். இரண்டு ஜாதகம் அப்படிக் கைமாறி ஒரு கல்யாணமே நடந்திருக்கிறது. கணவன் வீட்டு கம்ப்யூட்டரையும் மாமாதான் ஃபார்மட் பண்ணினார்.

எனக்கு ஆற்றாமை இங்கேதான் தொடங்குகிறது. எக்ஸ்பி சிடியைப் போட்டு எண்டர் தட்டி, எஃப்8 அழுத்தி ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதும் ஒரு நீலத் திரை வரும். ஏற்கெனவே இருக்கிற விண்டோஸைப் பழுதுபார்க்க வேண்டுமானால் ஆர் தட்டு, புதிதாகவே போட வேண்டுமானால் எஸ்கேப் தட்டு என்று அதில் தெளிவாக எழுதியிருக்கும். ஆர் தட்டினால் கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகள் மட்டும் புதிதாகும். நம் ஃபைல், சாஃப்ட்வேர், செட்டிங் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். இரண்டும் ஒரே திரையில், ஒன்றின் கீழ் ஒன்றாக! மாமாவின் விரல் எஸ்கேப்புக்குத்தான் போகும். ஆர் எங்கே இருக்கிறது என்று அது தேடியதாகவே தெரியவில்லை.

விண்டோஸ் 10, 11 வந்த பிறகு இது இன்னும் சுலபம். பென் டிரைவிலிருந்து பூட் பண்ணவே வேண்டாம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பென் டிரைவுக்குள் போய் செட்டப் என்ற கோப்பை டபுள் கிளிக் செய்தால் போதும். எதையெல்லாம் வைத்துக்கொள்ளட்டும் என்று அது கேட்கும்: ஃபைலும் ஆப்பும் இரண்டுமா, ஃபைல் மட்டுமா, ஒன்றுமே வேண்டாமா? முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு நாம் சமையலைப் பார்க்கப் போகலாம். எடிஷனும் மொழியும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், சி-யில் நிறைய இடம் காலியாக இருக்க வேண்டும், போடுவது இருப்பதைவிடப் பழைய பதிப்பாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. பழைய விண்டோஸைக்கூட அது விண்டோஸ்.ஓல்ட் என்று ஓர் ஓரமாகப் பத்து நாள் வைத்திருக்கும். பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம். இப்போதைய விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸுக்குள் ரெகவரி என்ற இடத்தில் இதற்கென்றே ஒரு பட்டன் கொடுத்துவிட்டார்கள்.

கவனிக்க: செட்டிங்ஸில் "ரீசெட்" என்று இன்னொன்றும் இருக்கிறது. அதில் "என் ஃபைலை வைத்துக்கொள்" என்று தேர்ந்தெடுத்தால் ஃபைல் இருக்கும், நாம் போட்ட சாஃப்ட்வேரெல்லாம் போய்விடும். மாமாவைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு படி இறக்கினால் அவர் இறங்கி நிற்பது இதில்தான்.

அந்த டபுள் கிளிக் வழியை அவரிடம் எடுத்துச் சொன்னேன். சிரித்தார். "அது பழைய சுண்ணாம்பு மேலயே பெயிண்ட் அடிக்கிற மாதிரிம்மா. சுரண்டி எடுத்துட்டுத்தான் அடிக்கணும்." வைரஸ் புகுந்த கம்ப்யூட்டருக்கும் டிஸ்க்கே போகப்போகிற கம்ப்யூட்டருக்கும் அவர் சொல்வது நியாயம்தான், மறுக்கவில்லை. பேப்பர் சிக்கிய பிரிண்டருக்கு எதைச் சுரண்டுவது?

காரணம் வேறு என்று நினைக்கிறேன். டபுள் கிளிக் செய்துவிட்டுப் போவதில் மாமாவுக்கு என்ன இருக்கிறது? கறுப்புத் திரை கிடையாது, எஃப்12 கிடையாது, "யாரும் தொடாதீங்கோ" என்று வீட்டையே நிறுத்திவைக்கிற கட்டம் கிடையாது. முக்கியமாக, ஒன்றும் போகாது என்று சொல்லவே வாய்ப்பு கிடையாது, ஏனென்றால் நிஜமாகவே ஒன்றும் போகாது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால் உலகமெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் உறைந்து, நம் தில்லி ஏர்போர்ட்டில் வெள்ளைப் பலகையில் ஃபிளைட் நேரம் எழுதிப் போட்டார்களே, அன்று காலையிலேயே மாமா போன் பண்ணிவிட்டார். சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை நீக்கினால் சரியாகிவிடும் என்று செய்தி வந்துகொண்டிருந்தது. "ஒரு ஃபைலைப் போய்த் தேடிண்டிருக்கா பாரு" என்றார். அவர் குரலில் இருந்த ஏக்கத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு விமான நிலையம் முழுவதும்!

சிரித்தது போதும். இதைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும்.

என் மாமனார் தன் வாழ்க்கைக் கதையை வருஷக்கணக்கில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். 1960-களில் ரயிலேறி தில்லி வந்தது, கரோல் பாக்கில் பர்சாத்தி என்கிற மொட்டைமாடி அறையில் நாலு பேராகச் சமைத்துச் சாப்பிட்டது, தமிழ்ச் சங்கத்து நாடகங்கள், எல்லாம். பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். மாமா ஃபார்மட் அடித்தார். ஃபைல் டி-யில் இருந்தது, வாஸ்தவம். திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினியைப் போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் தமிழாகச் சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள். எழுத்துரு இருக்கும்வரை தமிழ். போனால் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி. "தமிழ்" என்பதே அப்படித்தான் தெரியும். வானவில்லுக்கும் அந்தக் காலத்து மற்ற எழுத்துருக்களுக்கும் இதே கதி, ஆனால் ஒவ்வொன்றுக்கும் குப்பை வேறு வேறு. யூனிகோடில் அடித்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. எண்பது வயதுக்காரரிடம் யார் அதைச் சொன்னார்கள்?

எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பவை, அதாவது சி. அந்த ஒரு ஃபோல்டரை முன்கூட்டியே நகலெடுக்க அரை நிமிஷம்கூட ஆகாது. மாமா எடுக்கவில்லை. அவரைக் கேட்டால் திரையைக் காட்டி, "ஃபைல் இருக்கே! 212 பக்கமும் இருக்கே!" என்றார். மாமனார் தன் கதையைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் கண் போய்விட்டது என்று நினைத்து டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னார். பாமினியைத் தேடிப் பிடித்து மறுபடி நிறுவும்வரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாமா மறுநாளும் வந்தார், காபி குடித்தார், எழுத்துருவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்புக்கூட வேண்டாம், "பேக்கப் எடுத்தியா?" என்று முன்னால் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியை அவர் பின்னால்தான் கேட்கிறார். இலவசமாக வருகிறவரை எப்படித் திட்டுவது என்ற தயக்கத்தில் தில்லியில் எத்தனை தமிழ்க் குடும்பங்களின் போட்டோக்கள் போயிருக்கும்!

இப்போது காலம் அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. புது லேப்டாப்புகளில் பிட்லாக்கர் என்று ஒன்று டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கிறது. ரெகவரி பக்கம் போய்ச் சீண்டினால் 48 இலக்க எண் கேட்கிறது. மாமா முதல் தடவை அதைப் பார்த்தபோது ஆதார் எண்ணை அடித்துப் பார்த்தார். பன்னிரண்டோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேண்டும் என்கிறார்கள்; அவருடைய ஸ்க்ரூடிரைவருக்கு அதில் வேலையில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவியதும் பழைய கம்ப்யூட்டர்காரர்கள் அத்தனை பேரும் அவரை அழைத்ததில் ஒரு சின்ன மறுமலர்ச்சி. அதையும் லினக்ஸில் கொண்டுபோய் விட்டார். பாதுகாப்பு அமைச்சகமே லினக்ஸ் வகையான மாயா ஓஎஸ்ஸுக்கு மாறப்போகிறது என்று 2023-ல் பேப்பரில் படித்ததிலிருந்து சவுத் பிளாக்குக்கு ஆகிறது நமக்கு ஆகாதா என்று ஆரம்பித்திருக்கிறார். மூன்றாம் மாடி சர்தார்ஜி உபுண்டுவில் தன் டேலியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போன ஜனவரியில், பக்கத்து பிளாக் தெரியாத பனியில், கீழ் வீட்டுப் பெண்ணின் லேப்டாப் படுத்துவிட்டது. சி.ஏ. பரீட்சை வாசலில் நிற்கிறது, நோட்ஸ் முழுக்க அதற்குள். மாமா ஜனக்புரியில் மகள் வீட்டில் இருந்தார். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ப்ளூ லைன் மெட்ரோவில் ஊரின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். பென் டிரைவை எடுக்கவே இல்லை. லேப்டாப்பின் அடிப்பாகத்தைக் கழற்றி, டிஸ்க்கை உருவி, கையோடு கொண்டுவந்த ஒரு யுஎஸ்பி டப்பாவில் போட்டு, தன் லேப்டாப்பில் சொருகி, யூசர்ஸ் ஃபோல்டர் முழுவதையும், விண்டோஸுக்குள் இருக்கும் எழுத்துருக்களையும் நகலெடுத்தார். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிரவுசர், ஒன்று விடாமல். நகல் திறக்கிறதா என்று நாலு ஃபைலைத் திறந்தும் பார்த்தார். அப்புறம்தான் விண்டோஸைத் தொட்டார். விடிவதற்குள் அந்தப் பெண் படிக்க உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் அந்த வாக்கியத்தை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம்.

"இவ்வளவும் தெரிஞ்சுண்டுதானா மாமா எங்க வீட்ல..."

"அது பரீட்சைம்மா" என்றார், நான் ஏதோ புரியாமல் கேட்ட மாதிரி.

போன வாரம் மாமியைக் கோயிலில் பார்த்தேன். அவர்கள் வீட்டு கம்ப்யூட்டர் இன்னும் எக்ஸ்பியாம். 2014 ஏப்ரலிலேயே ஆதரவு நின்றுபோன எக்ஸ்பி. பச்சைப் புல்மேடும் நீல வானமும் வந்து நிற்பதற்குள் குக்கர் நாலு விசில் விட்டுவிடுகிறது என்றார் மாமி.

"மாமாகிட்ட ஃபார்மட் பண்ணித் தரச் சொல்லலாமே?"

"சொல்லாம இருப்பேனா? கிட்ட வராதேங்கறார். எல்லாம் போயிடுமாம்."